ஆண்டறிக்கை: ஆழ்கடல் குறுந்திருக்கைகள் குறித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரே உயிரினப் பேரினத்தை ஆண்டு முழுதும் படிப்பது என்ற சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி ஆழ்கடல் குறுந்திருக்கைப் பேரினமான ஃபெனஸ்ட்ராஜாவை எடுத்துக்கொண்டோம். இவ்வளவு சிறிய மீனுக்கு ஓராண்டா என்று கேட்ட உறுப்பினர்களே பின்னர் நேரம் போதவில்லை என்றார்கள்.

லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்பது சாளரம். ‘ராஜா’ நம் அரசரல்லர், திருக்கைக்கான லத்தீன் பெயர். மீனியல் அறிஞர்களான மெக்கெக்ரனும் காம்பக்னோவும் 1982-இல் இப்பேரினத்தை வகுத்தனர். ஆனால் இதன் இனங்களுள் சில அதற்கு வெகு முன்பே வேறு பேரினத்தின் கீழ்ப் பெயர் பெற்றவை. பாதாளத்துக்குரியது எனப் பொருள்படும் புளூட்டோனியாவை கார்மன் 1881-இலும், இந்தியக் கடலின் ஆழத்திலிருந்து கிடைத்த மாமில்லிடென்ஸை ஆல்காக் 1889-இலும் விவரித்தனர். பாலிக் கடலின் இனமோ தன்னைக் கண்டெடுத்த சிபோகா என்னும் டச்சு ஆய்வுக் கப்பலின் பெயரையே சுமக்கிறது. மடகாஸ்கர் பகுதி இனத்துக்கு 1989-இல் மெக்கெக்ரனின் பெயர் சூட்டப்பட்டது.

ஆண்டின் சிறந்த அமர்வு, காகித அட்டையில் மாதிரி செய்த அமர்வே. சுமார் 27 செ.மீ. வரை வளரும் புளூட்டோனியாவின் உருவை அட்டையில் அதே அளவில் வெட்டி, 30 செ.மீ. அளவுகோலின் மேல் வைத்தோம். வளர்ந்த விலங்கு அளவுகோலை எட்டவில்லை. அதிலும் பாதிக்கு மேல் வாலாகவே இருந்தது. வால் நுனியை ஒட்டி இரண்டு சிறு முதுகுத் துடுப்புகளை ஒட்டியபோதுதான், இது கொட்டும் திருக்கை வகையன்று என்பது பலருக்கும் உறைத்தது. முதுகிலும் வாலிலும் சிறு முட்கள் உண்டு, நஞ்சுள்ள கொடுக்கு இல்லை. கொட்டும் திருக்கை குட்டி போடும். இதுவோ நான்கு மூலையிலும் கொம்பு நீண்ட தோல் போன்ற கூட்டுக்குள் முட்டையிடும். தட்டையானவற்றையெல்லாம் திருக்கை என்று ஒரே பெயரால் அழைக்கும் நம் வழக்கமே குழப்பத்துக்குக் காரணம். சென்ற ஆண்டு மலரில் இதற்குக் கொடுக்கு உண்டு என்று அச்சேறிய பிழை செயலாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது. திருத்தம் இம்மலரின் முதல் பக்கத்தில் வெளியாகிறது.

உண்மையான உடலை யாரும் கண்டதில்லை என்பது இவ்வாண்டின் குறை. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வாழும் விலங்கைப் படங்களை நம்பியே படித்தோம். இழுவலையில் சிக்கினாலும் விலை போகாத இவ்வளவு சிறிய மீனை இனம் பிரித்துக் குறித்துவைப்போர் குறைவு.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே படிப்பார். வரும் ஆண்டில், இடுப்புத் துடுப்பின் முன்பகுதி கால் போல் பிரிந்து நிற்கும் க்ரூரிராஜா என்னும் திருக்கைப் பேரினத்தைப் படிக்க இப்பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்