102.8 எடுக்காத கார் வானொலி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

நாள்: 08-02-2021

பொருள்: இலவச சர்வீஸின்போது மென்பொருளை மாற்றிய பிறகு கார் வானொலியில் உள்ளூர் நிலையங்கள் எடுக்காதது, தேவையின்றி மாற்றிய ஆன்டெனாவுக்கு வசூலித்த 1,870 ரூபாய் ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மா,

புதுச்சேரியில் உள்ள உங்கள் முகவரிடம் 2020 ஜனவரியில் வாங்கிய கார் பற்றி எழுதுகிறேன். வண்டியின் மீது குறை இல்லை. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, மைலேஜும் விற்கும்போது சொன்ன கணக்கை ஒட்டியே வருகிறது. என் வழக்கெல்லாம் டாஷ்போர்டின் நடுவில் நீங்கள் பதித்திருக்கும் அந்தத் தொடுதிரையோடுதான்.

14-10-2020 அன்று வண்டியை இலவச சர்வீஸுக்கு விட்டேன். மாலையில் சாவியைக் கையில் கொடுத்த இளைஞர், மியூசிக் சிஸ்டத்துக்குப் புதிய மென்பொருள் ஏற்றியிருப்பதாகச் சொன்னார். நான் கேட்டது ஆயில் மாற்றமும் பிரேக் சோதனையும். கேட்காமல் கிடைத்த இந்த உபகாரத்தின் பலன் முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. நான் சேமித்து வைத்திருந்த ஆறு நிலையங்களும் காணாமல் போயிருந்தன. அரியாங்குப்பத்தில் ஓரமாக நிறுத்தி, புதுச்சேரி வானொலியின் ரெயின்போ எஃப்.எம். வரும் 102.8-ஐத் தேடினேன். அம்புக்குறியை ஒருமுறை தொட்டால் 102.7 வருகிறது. இன்னொருமுறை தொட்டால் 102.9 வருகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் 102.7. நடுவில் இருந்த 102.8-ஐ யாரோ கத்தரித்து எடுத்ததுபோல் இருந்தது.

102.7-இல் வைத்தால் ஒன்றுமே வராமல் இல்லை, வருகிறது. ஆனால் அறிவிப்பாளர் ‘ச’ என்றும் ‘ஸ’ என்றும் சொல்லும்போதெல்லாம் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். ‘செய்திச் சுருக்கம்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டு முடிப்பதற்குள் மூன்று கிழிசல். நிலையம் ஓரிடத்திலும் வானொலியின் முள் வேறிடத்திலும் நிற்கும்போது கேட்கும் சத்தம் அது.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் லைசன்ஸ் கட்டிய காலத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினேன். டயல் நூல் அறுந்த பெட்டி, நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரில் கரப்பான் முட்டையிட்ட பெட்டி, மழையில் நனைந்து உப்புப் பூத்த பெட்டி என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு நிலையத்தை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கத்திலும் மட்டும் நிற்கும் பெட்டியை என் கடையில் பார்த்ததில்லை. பழைய பெட்டியில் முள் எங்கும் நிற்கும், அதற்கு எண் தெரியாது. உங்கள் பெட்டிக்கு எண் மட்டும்தான் தெரிகிறது. அந்த எண்ணும் தவறாகப் போய்விட்டது.

நவம்பர் முதல் வாரம் முகக்கவசத்தோடு உங்கள் பணிமனையில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து குறையைச் சொன்னேன். மேற்பார்வையாளர் திரையைத் தொட்டு 93.5-ஐ வைத்தார். சூரியன் எஃப்.எம். கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. வானொலி நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் நிலையம்தான் வலுவில்லாமல் இருக்கும் என்றார். புதுச்சேரிக்குள் நின்றுகொண்டு புதுச்சேரி நிலையம் வலுவில்லாமல் இருக்கிறது என்றால் வேறு எந்த ஊரில் அது வலுவாக இருக்கும் என்று கேட்டேன். உடனே பழி ஆன்டெனாவின் மீது போனது. கூரைமேல் உள்ள சுறாத்துடுப்பைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அது வாரண்டியில் வராது என்று 1,870 ரூபாய் பில் போட்டார்கள். ஆன்டெனாவில் கோளாறு என்றால் 93.5 மட்டும் எப்படித் தெளிவாக எடுக்கும் என்று கேட்டேன். பதில் இல்லை. வீட்டில் அவசர வேலை இருந்ததால் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். அது என் தவறு.

அந்த மாதம் 25-ஆம் தேதி இரவு நிவர் வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் அடித்துப் போட்ட பிறகு, புயல் என்றாலே எங்கள் ஊரில் வயிறு கலங்கும். தானேவுக்குப் பின் பல நாள்கள் மின்சாரமில்லாமல் கிடந்தபோது, பரணில் போட்டிருந்த டிரான்சிஸ்டர்களையெல்லாம் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஊருக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தப் பெட்டிகள்தான் சொல்லின. அந்த நினைப்பில்தான், நிவர் இரவில் மின்சாரம் போய், கேபிளும் போய், கைப்பேசியில் ஒரு கோடு சார்ஜ் மிச்சமிருந்தபோது, போர்ட்டிகோவில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்து வானொலியைப் போட்டேன். கூரையில் புது ஆன்டெனா இருந்தது. காதில் கேட்டதோ அதே கிழிசல். புயல் கரையைக் கடக்கத் தொடங்கிவிட்டதா, இனிமேல்தானா என்று தெரிந்துகொள்ள ஒரே வாக்கியத்தை நான்கு முறை காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அன்றிரவு பதினொன்றரைக்குமேல் மரக்காணம் அருகே கடக்கத் தொடங்கியது என்பதை மறுநாள்தான் முழுதாக அறிந்தேன். அன்றைக்கு உங்கள்மீது வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. டிசம்பரில் ஒருநாள் அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து, திரையில் வரும் எண்களை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதியதும் அவளே சொல்லிவிட்டாள், புள்ளிக்குப் பின்னால் ஒற்றைப்படை எண் மட்டுமே வருகிறது, இரட்டைப்படை ஒன்றுகூட இல்லை என்று. 93.5 ஏன் எடுக்கிறது, 102.8 ஏன் எடுக்கவில்லை, 106.4-இல் வரும் ஹலோ எஃப்.எம். ஏன் கரகரக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் அந்த ஒரு வரியில் விடை வந்துவிட்டது.

மீதியை நான் பார்த்தேன். நம் நாட்டில் எஃப்.எம். பெட்டிகள் 87.5-இல் தொடங்கி 0.1 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏறி 108 வரை போகும். அமெரிக்காவில் 0.2 வீதம் தாவும், 87.9-இல் தொடங்கி 107.9-இல் முடியும், எல்லாம் ஒற்றைப்படை. என் வண்டி இப்போது 87.9-இல் தொடங்கி 107.9-இல் முடிகிறது. மீடியம் வேவிலும் இதே கதை. இங்கே நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அங்கே 10. புதுச்சேரியின் 1215 ஒன்பதால் வகுபடும், பத்தால் வகுபடாது. அதனால் வண்டி 1210-க்கும் 1220-க்கும் நடுவே தாண்டிக் குதிக்கிறது. திருச்சியின் 936-க்கும் அதே கதி. சென்னையின் 720 மட்டும் ஒன்பதாலும் பத்தாலும் வகுபடுவதால் தப்பித்துக்கொண்டது. இரவில் சென்னை ஒழுங்காக வருகிறது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி வரவில்லை. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மீடியம் வேவ் 531-இல் தொடங்கும் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். வண்டியில் 530 என்று காட்டுகிறது. அந்த ஒரு எண்ணை யாராவது ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் என் ஆன்டெனா தப்பித்திருக்கும்.

இதற்குமேலும் சாட்சி வேண்டுமானால் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சர்வீஸ் முடிந்து வந்த அன்று அது 10-14-2020 என்று காட்டியது. பதினான்காவது மாதம் எந்த நாட்டிலும் கிடையாது. மாதத்தை முன்னால் எழுதும் நாட்டுக்கான அமைப்பை என் வண்டியில் ஏற்றிவிட்டீர்கள் என்பதே இதன் பொருள். ரெட்டிச்சாவடிக்கும் கன்னியக்கோயிலுக்கும் நடுவில் ஓடும் வண்டி, தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

காணும் பொங்கல் கழிந்த திங்கள்கிழமை, ஜனவரி 18 அன்று, இந்த நோட்டையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். மேற்பார்வையாளர் நோட்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. 93.5-ஐ மீண்டும் வைத்துக் காட்டினார். மண்டல அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள் என்றேன். அப்படி ஒரு வசதி வாடிக்கையாளர் பார்க்கும் பட்டியலில் இல்லை என்றார். எனக்கும் தெரியும், இல்லை. மென்பொருளை ஏற்றியவர்களுக்குத்தானே அது இருக்கும்? கடைசியில் அவர் சொன்னது, இந்தக் காலத்தில் வானொலியை யார் சார் கேட்கிறார்கள், கைப்பேசியை ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்ளுங்கள் என்பது. நிவர் இரவில் என் கைப்பேசியில் இருந்த ஒரு கோட்டை அவருக்குச் சொல்லிப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். மாத்திரை வாங்கிவர மாதம் ஒருமுறை நானும் மனைவியும் புதுச்சேரி போகிறோம். அந்த இருபத்திரண்டு கிலோமீட்டரில் வானொலி கேட்பது எங்களுக்கு ஒரு பழக்கம். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு நாங்கள் இருவர் போதும்.

பாட்டுப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் அதே நாளில்தான் நோய் வந்தது. பென் டிரைவில் அறுநூற்றுச் சொச்சம் பாடல்கள் இருக்கின்றன. பெயர்களெல்லாம் தமிழில் மகன் எழுதிக் கொடுத்தவை. அக்டோபர் வரை திரையில் தமிழ் தெரிந்தது. இப்போது கட்டம் கட்டமாக, ஜன்னல் வரிசைபோல் தெரிகிறது. எந்தக் கட்டத்துக்குப் பின்னால் எந்தப் பாட்டு இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு, முன்பு வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பாட்டு தொடரும். இப்போது சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் முதல் பாட்டிலிருந்து தொடங்குகிறது. பெட்ரோல் போட நிறுத்தினாலும் முதல் பாட்டு, பூ வாங்க நிறுத்தினாலும் முதல் பாட்டு. அது நல்ல பாட்டுத்தான். ஆனாலும் அதைக் கேட்டாலே இப்போது என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பென் டிரைவில் கோளாறு என்று பணிமனையில் சொன்னார்கள். கையேட்டில் கேட்டிருக்கும் ஃபேட் 32 என்ற கோப்புச் சேமிப்பு முறையில்தான் அது இருக்கிறது, மகனின் வண்டியில் போட்டால் தமிழ் தெரிகிறது.

கைமுறையாக நிலையம் தேடும் பக்கத்தையும் புதிய மென்பொருள் மூன்று தட்டல் உள்ளே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறது. எதிரே பஸ் வரும்போது ஓட்டுபவரின் கண்ணை மூன்று முறை சாலையிலிருந்து பிடுங்கும் யோசனை யாருடையதோ தெரியவில்லை. திருகும் குமிழ் ஒன்று இருந்திருந்தால் விரலே பார்த்துக்கொள்ளும்.

நான் கேட்பது அதிகமில்லை. வானொலியின் மண்டல அமைப்பை இந்தியாவுக்கு மாற்றி, 102.8-ம் 1215-ம் திரையில் நிற்பதை என் எதிரில் காட்டுங்கள். தமிழ் எழுத்துகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள், நிறுத்திய இடத்திலிருந்து பாட்டு தொடரட்டும். புதிய மென்பொருளில் இவை முடியாது என்றால் பழையதையே ஏற்றிவிடுங்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. கோளாறில்லாத ஆன்டெனாவுக்கு வாங்கிய 1,870 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த அக்டோபர் மாதம் இதே மென்பொருளை இன்னும் எத்தனை வண்டிகளில் ஏற்றினீர்களோ, அவர்களையும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். அவர்களில் பலர் புதுச்சேரி நிலையம் மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

இக்கடிதம் கிடைத்த முப்பது நாள்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியதால் அங்கேதான் போக வேண்டும் என்று உங்கள் பணிமனையில் ஒருவர் சொன்னார். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. ஆனால் அடுத்த மழைக்காலம் அக்டோபரிலேயே வந்துவிடும்.

சர்வீஸ் ஜாப் கார்டு, ஆன்டெனா பில், கையேட்டின் அந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களையும், பேத்தி எண்கள் எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன். மூலத்தை அவள் தர மறுக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: கழற்றிய பழைய ஆன்டெனாவை என்னிடம் கொடுக்கவில்லை. அது நல்ல நிலையில் இருந்தது. அதையும் திருப்பித் தரச் சொல்லவும்.