ஒரு குளுக்கோஸ் செய்யும் வேலை

அன்புள்ள சேகர்,

நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் முடித்த கையோடு அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது, டாக்டர் 'சி டிஃப்' (கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா) என்றார், இப்போது வாங்கோமைசினில் தேறிவருகிறார் என்று எழுதியிருந்தாய். அப்பாடா! மருந்து நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிட, காலி இடத்தில் இந்தக் கிருமி பெருகிவிடுகிறது, அது உனக்கே தெரியும். அது குடலை என்னதான் செய்கிறது என்று கேட்டாய் அல்லவா, அது என் பேட்டை, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

செல் தன் வடிவத்தில் நிற்பது உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் கூடாரக் கயிறுபோல் இழுத்துப் பிடிப்பதால்தான். இழையை எங்கே, எப்போது கட்டுவது என்பதை ரோ வகைச் சிறு புரதங்கள் முடிவு செய்கின்றன. கிருமியின் நச்சு ஒரு நொதி. செல் அதைத் தானே விழுங்குகிறது. விழுங்கிய பையில் அமிலம் ஏறியதும் நொதிப் பகுதி மட்டும் வெளியே நழுவி, கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைச் செய்ய செல் வைத்திருக்கும் யூடிபி-குளுக்கோஸிலிருந்து ஒரு குளுக்கோஸை எடுத்து, ரோவின் 37ஆவது அமினோ அமிலமான திரியோனின்மேல் ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான், அந்த ரோ இனி வேலைக்கு ஆகாது. நொதி செலவாவதில்லை, அடுத்த ரோவைத் தேடிப் போய்விடும்!

1995இல் ஜெர்மனியில் கிளாஸ் ஆக்டோரிஸ் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆக்டோரிஸ்தான் 1986இலேயே, பொட்டுலினம் கிருமியின் சி2 நச்சு நேராக ஆக்டின்மேலேயே ஒரு துண்டை ஒட்டி இழை வளராமல் தடுக்கிறது என்று காட்டியவர். என்னைக் கேட்டால் சர்க்கரைக்காரன்தான் கெட்டிக்காரன், கயிற்றைத் தொடாமல் கட்டுகிறவனை முடக்குகிறான்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாவமாக இருக்கும். தட்டில் அகலமாகப் படர்ந்திருந்த செல் ஓரங்களை இழுத்துக்கொண்டு உருண்டையாகிறது, பிடித்திருந்த இடங்களில் மெல்லிய நூல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. மலத்தை வடிகட்டி வளர்ப்புச் செல்கள்மேல் விட்டு, அவை உருள்கின்றனவா, எதிர்நச்சு சேர்த்தால் உருளாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இந்த நோய்க்கு வெகுகாலம் முக்கியமான பரிசோதனையாக இருந்தது. குடலிலோ, பக்கத்துப் பக்கத்துச் செல்களின் இறுக்கம் தளர்ந்து நீர் கசிகிறது, அப்புறம் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

சரி, முக்கியமான விஷயம்: இந்தக் கிருமியின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) சானிடைசருக்குச் சாகாது. அப்பாவைக் கவனித்த பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கை கழுவு, அம்மாவிடமும் சொல்.

அன்புடன்,
கண்ணன்