க்யூவுக்குப் பின் யூ வராத சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் 100 கட்டைகளில் க்யூ (Q) ஒன்றே ஒன்றுதான். அதற்கு 10 புள்ளிகள். ஆனால், ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின் பெரும்பாலும் யூ (U) வர வேண்டும். யூ கிடைக்காமல் அதைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்து தோற்ற என் மகளுக்கு, ஃபகீர் (faqir, இஸ்லாமியத் துறவி), காதி (qadi, இஸ்லாமிய நீதிபதி), கவாலி (qawwali, சூஃபி பக்திப் பாடல்) ஆகிய சொற்களை யூ இல்லாமலே க்யூ இட்டு எழுதலாம் என்று ஆட்ட அகராதியில் காட்டியபோது, “நம் ஊர்ப் பக்கிரியும் காஜியாருமா அப்பா?” என்று வியந்தாள். அரபு மூலத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே வந்து சேர்ந்த சொற்கள் அல்லவா இவை!

எழுத்தைத் தட்டினால் சொற்களைக் கொட்டும் செயலிகள் இந்த வியப்பைத் தருவதில்லை. ஆகவே, தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அது அமைந்த ஆங்கிலச் சொற்களைப் பொருளோடும் பிறப்போடும் வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி