புதிய வகுப்பறைக் கட்டடத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

எட்டு வகுப்பறைகள், இரண்டு படிக்கட்டுகள், வராந்தா, கழிப்பறைத் தொகுதி ஆகியவற்றைக் கொண்ட புதிய கட்டடம் முடிந்து, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஒரு பருவம் ஆகிறது. கடைக்கால், கான்கிரீட், பூச்சு, மின்வேலை, மொட்டைமாடித் தளவோடு எல்லாம் வரைபடப்படி நடந்தன. மதிப்பீடு ரூ. 1,12,00,000. ஆன செலவு ரூ. 1,19,40,000. கூடுதலான ரூ. 7,40,000 பற்றிச் சென்ற கூட்டத்தில் பலர் கேட்டீர்கள், சிலர் கோபமாகவும் கேட்டீர்கள். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

கம்பி விலையேற்றம் ரூ. 3,60,000. ரசீதுகள் இருக்கின்றன. மீதி ரூ. 3,80,000 முழுவதும் பிள்ளைகள் அறைக்குள் எப்படி உட்காருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எது காதில் விழுகிறது என்பதற்காகச் செலவானது. அதில் ஒரு ரூபாய்க்கும் குழு வருத்தப்படவில்லை.

முதலில் ஜன்னல். “கட்டிய சுவரை உடைத்தார்கள்” என்று ஊரெல்லாம் பேச்சானது இதைத்தான். கீழ்த்தளத்தில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சம்மணம் போட்டு உட்காரும் ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி உயரத்தில் இருக்கும். ஜன்னலை மூன்றரை அடியில் தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு வானமும் மின்விசிறியும்தான் தெரியும். உள்ளே வரும் காற்று தலைக்கு மேலேயே எதிர்ச்சுவர் வழியாக வெளியேறிவிடும். விசிறி ஓடினாலும் முதுகு நனைந்துகொண்டேயிருக்கும். பழைய கட்டடத்தைப் பற்றி ஆசிரியைகளும் பிள்ளைகளும் சொன்ன முதல் குறை இதுதான். அதனால் வரைபடத்தைத் திருத்தி, கீழ்த்தளத்தில் ஒன்றரை அடி, பெஞ்சில் உட்காரும் மாடி வகுப்புகளுக்கு இரண்டரை அடி என்று ஜன்னலடி மட்டம் குறித்தோம். லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை, எங்கும் ஏழு அடி.

ஒப்பந்தக்காரர் வழக்கப்படி கீழ்த்தளத்தின் எல்லா அறையிலும் மூன்றரை அடிக்குச் சுவரை எழுப்பி ஃப்ரேமும் நிறுத்திவிட்டார். கேட்டபோது, திருத்திய தாள் தமக்கு வரவில்லை என்றார். தாளில் அவருடைய மேற்பார்வையாளரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அடுத்து, உடைத்தால் சுவர் பலம் போய்விடும் என்றார். இது தூணும் உத்திரமும் தாங்கும் கட்டடம். ஜன்னலுக்குக் கீழே உள்ள ஒன்பது அங்குலச் சுவர் தன் எடையை மட்டுமே தாங்குகிறது. பொறியாளர் இதை எழுதிக் கொடுத்த பிறகும் அவர் ஏற்கவில்லை. மாடிக்கூரைக் கான்கிரீட்டைத் தாங்க வைத்திருந்த சென்ட்ரிங் தகடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆட்களோடு போய்விட்டார். பன்னிரண்டு ஜன்னலுக்கும் தலா ரூ. 8,000 வீதம் ரூ. 96,000 கொடுத்தால்தான் வருவேன் என்றார்.

நாங்கள் கொடுத்தது ரூ. 48,000. காரணம் இது: திருத்திய தாள் கைமாறிய தேதிக்கு முன்பே இரண்டு அறைகளின் சுவர் எழும்பிவிட்டது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆறு ஜன்னல்களின் உடைப்புக் கூலி நியாயமாக நம்முடையது. மற்ற ஆறும் தாளைப் பார்த்த பிறகு கட்டியவை; அவை அவர் செலவு. ஒரு பைசாகூடக் கொடுத்திருக்கக் கூடாது என்போரும், கேட்டதைக் கொடுத்து வேலையை முடித்திருக்கலாம் என்போரும் அந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டுகிறோம். ஐப்பசி மழைக்கு முன் மாடிக்கூரை போட்டாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

உடைத்த முறையையும் சொல்லிவிடுகிறோம். சுத்தியலால் அடித்தால் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடும். ஆகவே கட்டிங் மெஷினால் இருபக்கமும் கோடு அறுத்து, ஃப்ரேமுக்கு முட்டுக் கொடுத்து, மேலிருந்து வரிவரியாகச் செங்கல்லை எடுத்தோம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் எடுத்தது 4 அடி அகலம், 2 அடி உயரம். அடியில் மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை. பழைய ஃப்ரேமை அப்படியே மேலே விட்டு, கீழே தனிக் கதவோடு இரண்டடிச் சிறு ஜன்னல் பொருத்தினோம். ஜன்னல்கள் வடக்கே பார்ப்பதால் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். அப்போது கீழ்க்கதவை மட்டும் சாத்தினால் போதும், மேலே வெளிச்சமும் காற்றும் நிற்பதில்லை. ஒரே பெரிய ஜன்னலாக இருந்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. கிரில் கம்பிகள் எல்லாம் செங்குத்தானவை, இடைவெளி நான்கு அங்குலத்துக்குள். குறுக்குக் கம்பி வைத்தால் மாடியில் பிள்ளைகள் அதையே ஏணியாக்குவார்கள்.

வடக்கு ஜன்னலுக்கு எதற்கு இரண்டடி சன்ஷேடு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நம் காவிரிக் கரையில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். பள்ளி திறக்கும் ஜூனும் அதற்குள்தான் வருகிறது. கரும்பலகை கிழக்குச் சுவரில் இருப்பதால் வெளிச்சம் பிள்ளைகளின் இடப்பக்கமிருந்து வருகிறது; வலக்கையால் எழுதும்போது கை நிழல் நோட்டில் விழாது. பலகையை ஒட்டிய நான்கடிச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. வைத்தால் பலகை மினுங்கி, ஓரத்தில் இருப்பவருக்கு எழுத்துத் தெரியாது.

சாய்தளம் ரூ. 1,12,000. முதல் வரைபடத்தில் 15 அடி நீளம் இருந்தது. தரைமட்டம் இரண்டரை அடி உயரம் என்பதால் அது ஆறுக்கு ஒன்று சரிவு, அதாவது ஆறடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம். சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுபவரே மூச்சு வாங்குவார், பிள்ளை தானாக ஏறவே முடியாது. பன்னிரண்டுக்கு ஒன்று என்று வைத்தால் சரிவு மட்டும் 30 அடி வேண்டும், நடுவே 5 அடி சமதளம், இருபக்கமும் கைப்பிடி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்த பிறகு பெயருக்கு ஒரு சாய்தளம் கட்டிக் காட்டுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

ஒலியை உறிஞ்சும் மரநார்ப் பலகை ரூ. 1,20,000. குடிபுகுந்த பிறகு தெரிந்த பிரச்சினை இது. கான்கிரீட் கூரை, வழவழப்பான தரை, பூசிய சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பவை. கடைசி வரிசைக்கு ஆசிரியையின் சொல் இரண்டிரண்டாகக் கேட்டது. அவர் குரலை உயர்த்தினால் எதிரொலியும் சேர்ந்து உயர்ந்தது, பக்கத்து வகுப்பும் கத்தியது. துணித்திரை போட்டால் போதும் என்றார்கள்; மெல்லிய துணி பேச்சொலியை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஒவ்வோர் அறையின் பின்சுவரிலும் 20 அடிக்கு 5 அடி பலகை அடித்தோம், எட்டு அறைக்கு 800 சதுர அடி. இப்போது சாதாரணக் குரலே போதுகிறது என்று ஆசிரியைகள் சொல்கிறார்கள். பிள்ளைகளின் ஓவியங்களைக் குத்திவைக்கவும் அதுவே இடம்.

கழிப்பறை மாற்றங்களுக்கு ரூ. 1,00,000. பெரியவர் அளவுப் பீங்கானில் கால் வைக்கச் சின்னஞ்சிறுசுகள் பயப்படுவார்கள், அடக்கிக்கொண்டே வீடு போவார்கள். அதனால் நான்கு அறைகளில் சிறிய பீங்கான், தாழ்ப்பாள் மூன்றடியில், உள்ளே பாவாடையும் பையும் மாட்டக் கொக்கி. பெண்பிள்ளைகள் பக்கம் மறைப்புச் சுவர். தனித் தண்ணீர்த் தொட்டி. குடிநீர்த் தொட்டியோடு சேர்த்தால் பத்தரை மணி இடைவேளையிலேயே இரண்டும் காலி.

படிக்கட்டு இரண்டு, ஒவ்வொன்றும் 5 அடி அகலம், கட்டடத்தின் இரு முனையிலும். ஒன்று போதும், அந்த இடத்தில் ஓர் அறை கிடைக்கும் என்ற யோசனையைக் குழு ஏகமனதாக மறுத்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் அதை விவாதிக்கவும் நாங்கள் தயாராக இல்லை. வராந்தாவில் பளபளக்கும் கிரானைட் கேட்டவர்களுக்கு: ஈரக்காலோடு ஓடும் பிள்ளைகளுக்காகச் சொரசொரப்பான கடப்பைக் கல் போட்டோம்.

கொடையாளர்கள்: தரைக் கல் முழுவதையும் தந்த 1987ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள், மின்விசிறி தந்த 1994ஆம் ஆண்டினர், செங்கல்லில் ஒரு பகுதியை இலவசமாக இறக்கிய சூளைக்காரர், பெயிண்டை அடக்கவிலைக்குத் தந்த கடைவீதி வணிகர், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாதாமாதம் அனுப்பிய முன்னாள் மாணவர்கள், பென்ஷனில் பங்கு தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்த கொத்தனார்களும் சித்தாள்களும், உண்டியல் சேர்த்துத் தந்த நம் பிள்ளைகள். அத்தனை பெயரும் வாசல் கல்வெட்டில் தொகை குறிக்காமல் இருக்கின்றன. வகுப்பறைச் சுவரில் தனித்தனியாகப் பெயர் எழுதக் கேட்டவர்களின் மனவருத்தம் எங்களுக்குத் தெரியும். அந்தச் சுவர் பிள்ளைகளுடையது.

ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகை 5 சதவீதம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுதும் கடந்து, மொட்டைமாடி ஒழுகல், ஜன்னலடிப் பட்டை வெடிப்பு இரண்டையும் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே விடுவிக்கப்படும். கணக்குப் புத்தகம், ரசீதுகள், திருத்திய வரைபடம் எல்லாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும்.

இப்படிக்கு,
கட்டடத் திருப்பணிக் குழுவினர்