மண் சுமந்தவர்களை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் ஜெர்மனியின் ரெக்லின் விமானதளம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். "போர் விமானங்களைச் சோதித்த பொட்டலில் இன்று பாட்டும் ஆட்டமும் களைகட்டுகிறது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி நாலு நாளாக மனசை அறுக்கிறது.

1939 ஜூலை 3 அன்று ஹிட்லர் வந்து புது விமானங்களைப் பார்வையிட்டதை எழுதியிருக்கிறீர்கள், மெசர்ஸ்மிட் 262 ஜெட்டை அங்கே ஓட்டிப் பார்த்ததும் இருக்கிறது, சரி. பக்கத்திலேயே ரெட்ஸோவில் ராவன்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமின் கிளை முகாம் இருந்ததே, அந்தக் கைதிப் பெண்களை விமானதள வேலைக்கு விரட்டினார்களே, பட்டினியிலும் நோயிலும் எத்தனையோ பேர் செத்தார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குத் தெரியாததா ஐயா?

மகள் பெர்லினில் வேலை பார்க்கிறாள். 2018இல் அவள்தான் என்னை அங்கே கூட்டிப்போனாள். அதே விமானதளத்தின் லேர்ட்ஸ் பகுதியில், போருக்குப் பிறகு சோவியத் படை விமானம் நிறுத்திய கான்கிரீட் கொட்டகைகள் புல் மூடி மண்மேடு மாதிரி நிற்கின்றன. 1993இல் அவர்கள் கிளம்பிப் போனார்கள், 1997 முதல் ஃபியூஷன் இசைவிழா அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் ஆடட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலுக்குக் கீழே யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு ஆடட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் அம்மாவைப் பெற்ற ஆயா, யுத்த காலத்தில் உளுந்தூர்பேட்டை விமானதளத்துக்கு ஜல்லி சுமந்தவர். உச்சந்தலையில் கூடை உட்கார்ந்த இடத்தில் முடியே கிடையாது, எண்ணெய் தேய்த்துவிடும்போது விரல் வழுக்கும். ஆயாவுக்குக் கூலி கிடைத்தது, ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தார், அந்தப் பெண்களுக்கு இரண்டுமே இல்லை, அதனால் இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓடுதளத்தைப் பற்றி நீங்கள் எழுதியபோதும் வெள்ளைக்காரன் போட்டது என்றுதான் முடித்தீர்கள். அப்போதே ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

ஏற்காடு கோடை மலரிலும் இதே கதைதான். காபி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் இருந்தார், படகுத்துறை இருந்தது, பக்கோடா பாயிண்ட் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் ஒரு படத்துக்குக் கீழே அரை வரியில் போய்விட்டன. முப்பது வருஷமாகச் சந்தா கட்டுகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், உங்கள் பக்கங்களில் இவர்களுக்கெல்லாம் எப்போது இடம் வரும்?

அடுத்த இதழில் ரெட்ஸோ முகாம் பற்றி இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மூலையில், சின்ன எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.