வாந்தியின் நிறத்தைக் கேட்டாயா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எட்டு வயதுப் பையன்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுவலியும் வாந்தியும்; இடையில் ஓடியாடித் திரிகிறான்; ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் சரி. 'சைக்ளிக் வாமிட்டிங்' (வேறு நோயில்லாமல் விட்டுவிட்டு வரும் வாந்தி) என்று எழுதிவிடலாமா என்கிறாய். பொறு. குடல் ஒழுங்காகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்.

கருவில் குடல் ஒழுங்காகத் திரும்பாமல் போகும் இந்த மால்ரொட்டேஷன் பச்சைக் குழந்தைகளின் வியாதி என்றே நம் மனதில் பதிந்துவிட்டது. பெரிய பிள்ளைகளிடம் அது சத்தமில்லாமல் வரும். குடல் பாதி முறுக்கி, தானே அவிழ்ந்துவிடும். நீ பார்க்கும் நேரத்தில் வயிறு மெத்தென்று இருக்கும். சாப்பிட்டதும் வலி, எடை ஏறாமை, காரணமில்லாத வயிற்றுப்போக்கு, ஏன், பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்ற பெயர்கூட இதனால் வரலாம்.

வாந்தியின் நிறத்தைக் கேள். 'பித்தமா எடுக்கிறான்' என்பதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. வீட்டில் மஞ்சள் தண்ணீரையும் பித்தம் என்றுதான் சொல்வார்கள். இலைப் பச்சையா என்று கேட்டு உறுதிசெய். பச்சை என்றால் எந்த வயதிலும் அவசரம்தான். பச்சை இல்லை என்பதால் மட்டும் விட்டுவிடவும் முடியாது.

ஸ்கேனில் மெசென்டரியின் (குடலைத் தாங்கும் மடிப்பின்) சிரை தமனிக்கு இடப்பக்கம் இருந்தாலோ, தமனியைச் சுற்றிச் சுழல்போல் தெரிந்தாலோ சந்தேகம் வலுக்கும். இரண்டும் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகாது. அதனால் மேல்குடல் கான்ட்ராஸ்ட் படம், அதாவது மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, கேள். சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் அடுத்த பகுதியான ஜெஜுனத்தோடு சேரும் வளைவு முதுகெலும்பின் இடப்பக்கம், பைலோரஸ் (இரைப்பையின் வாசல்) மட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். மருந்து முதன்முறை கடக்கும்போதே நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் எடுக்கச் சொல். பிறகு ஜெஜுனம் மேலே படிந்து வளைவை மறைத்துவிடும். மூக்குக் குழாயும் வீங்கிய பெருங்குடலும் அந்த வளைவை இடம் தள்ளி ஏமாற்றும். பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் சரியான இடத்தில் இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதே.

வலியோடு வயிறு இறுகி, நாடி ஓடினால் படத்துக்குக் காத்திராதே. மூக்குக் குழாய், கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி சலைன், ஆன்டிபயாட்டிக், உடனே சர்ஜன். ரத்த ஓட்டம் நின்ற நடுக்குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும்.

அறுவை, பாஸ்டனின் வில்லியம் லாட் 1936-ல் விவரித்ததுதான். முறுக்கைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அவிழ்ப்பது, டியோடினத்தின் குறுக்கே ஓடும் பட்டைகளை வெட்டுவது, மெசென்டரியின் அடியை விரிப்பது, சிறுகுடலை வலத்திலும் பெருங்குடலை இடத்திலும் வைப்பது. இதில் உயிர்நாடி அந்த விரிப்புதான். மெசென்டரியின் அடி குறுகிய காம்பாக இருக்கும்வரை குடல் மறுபடி முறுக்கும். குடலை 'இயல்பான' இடத்துக்குக் கொண்டுபோவதாகப் பெற்றோர் நினைப்பார்கள், அப்படி இல்லை. குடல்வால் இனி இடப்பக்கம் கிடக்கும், நாளை அழற்சி வந்தால் யாரையும் குழப்பும் என்பதால்தான் அதையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். நிறம் சந்தேகமான குடலை அவசரப்பட்டு நீளமாக வெட்டாமல், 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பத் திறந்து பார்ப்பார்கள்.

முறுக்கு இல்லாதபோது சிறு துளை வழியே லாப்ராஸ்கோப்பியும் செய்யலாம். ஆனால் குடலைப் பிடித்து நிறுத்தும் ஒட்டல்கள் அதில் குறைவு, அதனால் மீண்டும் முறுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்ற வாதம் இன்னும் தீரவில்லை. எப்படிச் செய்தாலும், பின்னாளில் பச்சை வாந்தி வந்தால் அன்றே கூட்டி வரச் சொல். சில பிள்ளைகளுக்கு வலி முழுதும் போகாது. அதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடு.

படம் எடுத்ததும் அனுப்பு, பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்து.

அன்புடன்,
உன் பழைய தோழன்