பிலிம் நிற்கப்போகிறதா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் வலிக்கு ஊட்டிக் குளிரைத் திட்டி எழுதியிருக்கிறாய். காரைக்குடி வெயிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதே வலிதான். குளிரை விட்டுவிட்டு வயசைத் திட்டு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஸ்டூடியோவை முழுசாகப் பையனிடம் கொடுத்தாச்சு. டிரோன், ஆல்பம் டிசைன் என்று அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். நான் காலையில் போய்ப் பேப்பர் படிப்பேன், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களின் காலரைச் சரிசெய்வேன், டீ வந்ததும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கோடக் மூடப்போகிறதாம், இனி பிலிமே கிடையாதாம், நிஜமா என்று கேட்டிருக்கிறாய். ஆயுள் முழுக்க பிலிம் தொழிற்சாலையில் இருந்தவன், அதை வாங்கி மாட்டிய ஸ்டூடியோக்காரனிடம் கேட்கிறாய். போகட்டும், சொல்கிறேன்.

நடந்தது இதுதான். 2025 ஆகஸ்டில் கோடக் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. ஒரு வருஷத்துக்குள் அடைக்க வேண்டிய கடன் கிட்டத்தட்ட 50 கோடி டாலர், அதற்கு உறுதியான பணம் கையில் இல்லை, ஆகவே கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் ஐயம் உண்டு என்று அதில் ஒரு வரி. கணக்கு விதிப்படி எழுதித்தான் ஆக வேண்டிய வரி. அதைப் பிடித்துக்கொண்டு, 133 வயசுக் கம்பெனிக்குக் கடைசிக் காலம் வந்துவிட்டது என்று உலகம் முழுக்கத் தலைப்புப் போட்டுவிட்டார்கள். மூடும் எண்ணமில்லை, திவால் மனு கொடுக்கும் எண்ணமும் இல்லை, ஊழியர் ஓய்வூதிய நிதியில் மிஞ்சும் பணத்தை வைத்துக் கடனை அடைப்போம் என்று கம்பெனி உடனே மறுத்தது. மறுப்பை யார் வாட்ஸப்பில் பார்வர்ட் பண்ணுகிறார்கள்?

அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். 2024 நவம்பரில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள கோடக் தொழிற்சாலையில் பிலிம் உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தினார்கள். நிறுத்தியது இயந்திரங்களைப் புதுப்பிக்க. அதற்கும் கதை கட்டினார்கள். வீட்டை இடிக்கப் போகிறவன் வெள்ளையடிப்பானா? 2025-இல் சினிமா பிலிமின் முதுகில் இருந்த கரிப்பூச்சை எடுத்துவிட்டு வேறு பூச்சுக்கு மாறினார்கள். அக்டோபரில் கோடாகலர் என்ற பழைய பெயரில் 100, 200 என இரண்டு ரோல்களைத் தாங்களே நேரடியாக விற்பனைக்கு விட்டார்கள். போகிறவர்கள் செய்கிற வேலை இல்லை இது.

நிஜமாகவே நிறுத்தப்பட்டவைகூட எழுந்து வந்திருக்கின்றன. கோடக்கின் எக்டாகுரோம், திரையில் போட்டுப் பார்க்கும் ஸ்லைடு பிலிம், 2012-இல் போனது, 2018-இல் திரும்பியது. மூலப்பொருள் கிடைக்கவில்லை என்று ஜப்பானின் பியூஜி 2018-இல் அக்ரோஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமை நிறுத்தியது. மாற்றுப் பொருளைக் கண்டுபிடித்து அடுத்த வருஷமே அதன் இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் இல்போர்ட் என்ற பிலிம் கம்பெனி 2004-இல் மூழ்கப் பார்த்தபோது, அங்கே வேலை பார்த்த மேனேஜர்களே சேர்ந்து 2005-இல் வாங்கி ஹார்மன் என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார்கள். இன்றும் ஓடுகிறது. 2023 கடைசியில் பீனிக்ஸ் என்று சொந்தமாக ஒரு கலர் பிலிமும் போட்டார்கள். இதைப் படிக்கும்போது உனக்கு ஊட்டி இந்து நகர், உன் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஞாபகம் வரும் என்று தெரியும். 1960-இல் ஆரம்பித்து, 1967-இல் உற்பத்திக்கு வந்து, நாட்டுக்கே இந்து பிலிம் கொடுத்த இடம். அதைப் பற்றி நீ எழுதினால்தான் சரியாக இருக்கும். நான் தொடவில்லை.

ஆனால் சேகர், கம்பெனி இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பவர்கள் தப்பான வாசலில் காவல் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். ரோல் கடையில் இருக்கும்போதே பிலிம் செத்துப்போகலாம். கோடாகுரோம் அப்படித்தான் போனது.

1935-இல் வந்த ஸ்லைடு பிலிம் அது. நிறச் சாயம் பிலிமுக்குள் இருக்காது. கழுவும்போதுதான் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி டெவலப்பர் திரவத்தில் போட்டு ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் சாதாரண லேபில் செய்ய முடியாது. 2009-இல் கோடக் அதை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதைக் கழுவ உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு லேப், கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில். தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசி ரோலைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். அவர் அதில் சில படங்களை மும்பையிலும் ராஜஸ்தானிலும் எடுத்தார். கடைசிப் படத்தை அந்தப் பார்சன்ஸ் ஊர்க் கல்லறையில் எடுத்து, ரோலை அங்கேயே கழுவக் கொடுத்தார். குறும்புதான். 2010 டிசம்பர் 30-உடன் லேப் ரோல் வாங்குவதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் பிரிட்ஜில் கோடாகுரோம் இருந்தது. கழுவினால் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்.

இன்னொரு பக்கம் மூலப்பொருள். வெல்வியா 100 என்ற ஸ்லைடு பிலிமை 2021-இல் அமெரிக்காவில் விற்பதை பியூஜி நிறுத்தியது. அதிலிருந்த ஒரு வேதிப்பொருளுக்கு அங்கே சுற்றுச்சூழல் துறை தடை போட்டதுதான் காரணம். பிலிமில் அது இருந்தது அணுவளவு. பிலிம் பூச்சில் சேரும், மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினின் கதை உனக்கு நன்றாகத் தெரியும், உன் வாயால் கேட்டதுதான். 1920-களில் கோடக்கில் ஒரு ஜெலட்டினில் பிலிம் நல்ல வேகமாக, அதாவது குறைந்த வெளிச்சத்திலேயே படம் பிடிக்கும்படி வருகிறது, இன்னொன்றில் மந்தமாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மாடு கடுகுச் செடி மேய்ந்தால் அதன் கந்தகம் ஜெலட்டினில் வந்து சேர்கிறது, அதுதான் வேகம் என்று ஷெப்பர்ட் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். மாட்டின் மேய்ச்சல்வரை போகிற சரக்கு இது. எங்கேயாவது ஒரு சப்ளையர் கடையைக் கட்டினால் போதும், தலைப்புச் செய்தியே இல்லாமல் ஒரு பிலிம் காணாமல் போகும்.

அப்புறம் அளவு. நான்கு அடிக்கு மேல் அகலம், மைல் கணக்கில் நீளம் என்று கும்மிருட்டில் பிலிமுக்குப் பூச்சுப் பூசுகிற இயந்திரம், நாலு பேருக்கு நாலு ரோல் போட்டுத் தராது. அதை ஓட்டியது சினிமா. நாம் வாங்கியதெல்லாம் கொசுறு. 2006-இல் கோடக் விற்ற சினிமா பிலிம் 1,240 கோடி அடி. 2014-இல் சுமார் 45 கோடி அடி. தியேட்டர்கள் டிஜிட்டலுக்குப் போனதும் பெட்டி பெட்டியாகப் பிரிண்ட் அனுப்பும் வேலை போய்விட்டது. நோலன், டாரன்டினோ போன்ற இயக்குநர்கள் மல்லுக்கு நின்றதால் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தொடர்ந்து வாங்குவதாக ஒப்பந்தம் போட்டன, 2015-இல் அறிவித்தார்கள். அந்த இயந்திரம் இன்றும் சுற்றுவதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இதையெல்லாம் நான் இவ்வளவு துருவுவதற்குக் காரணம் என் அக்கா பேரன். காலேஜில் படிக்கிறான், என் பழைய நிக்கானை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு காலத்தில் நூறு ரூபாய்ச் சில்லறைக்கு வாங்கிய கலர் ரோலுக்கு இப்போது ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறான். வதந்தி வந்ததும் இன்னும் நாலு ரோல் வாங்கி அடுக்கிவிட்டான். கழுவ இங்கே இடமில்லை, சென்னைக்குக் கூரியரில் அனுப்புகிறான். ஒரு லேப் திருப்பி அனுப்பிய நெகட்டிவைப் பார்த்தேன். முழுக்க ஊதா படிந்து கிடந்தது, பழைய கெமிக்கல். அங்கே குறை சொல்லி என்ன, மாசத்துக்குப் பத்து ரோல் வந்தால் யார் கெமிக்கல் மாற்றுவார்கள்? கலர் பிலிமுக்கு எமன் அங்கே இருக்கிறான்.

அதனால் அவனைக் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பியிருக்கிறேன். டி-76 என்ற டெவலப்பரின் பார்முலா 1927-லிருந்து ஊருக்கே தெரியும். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ் வாங்கினால் வீட்டிலேயே கலக்கிக்கொள்ளலாம், எந்தக் கம்பெனியையும் கெஞ்ச வேண்டாம். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர்தான் வில்லன், டெவலப்பருக்கு வேண்டிய 20 டிகிரி எங்கே வருகிறது? எவர்சில்வர் அண்டாவில் ஐஸ் போட்டு, நடுவில் டேங்கை வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கறுப்புப் பைக்குள் கைவிட்டு ஸ்பூலில் பிலிம் ஏற்ற அவனுக்கு முதலில் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளடா, திறந்து வைத்தால்தான் கை குழம்பும் என்றேன். ஏறிவிட்டது. படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவிலிருந்து எடுத்து நீளமாகத் தூக்கிப் பிடித்தபோது, கோயில் வாசலில் பூ கட்டுகிற அம்மாவின் விரல் நுனிவரை அதில் இருந்தது. என் மனைவி மட்டும் அண்டாவைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தை பிறந்ததும் கூட்டாளிகளோடு ஊட்டிக்கு வருகிறான். பூச்சு ஓடுகிற இருட்டு அறையில் ஆட்கள் எப்படி நடப்பார்கள், கையால் தடவியே எப்படி வேலை பார்ப்பீர்கள் என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பையன் கூச்சப்படுவான், நீயே பேச்சை ஆரம்பி. யூனியன் கதைக்குள் மட்டும் இறங்கிவிடாதே, கடைசி பஸ்ஸை விட்டுவிடுவான்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வர்க்கி கொடுத்தனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

உன்
சுப்பு